ஒரு லோஞ்ச், இரண்டு கவிதைகள்

1

நாங்கள் இருக்கும், இங்கிலாந்தின் நடுவிலுள்ள கொவென்ட்ரியிலிருந்து எந்தத் திசையில் காரை விட்டாலும் கடலைக் காண இரண்டு மணித்தியாலமாவது ஓட வேண்டும். திருகோணமலையில் பிறந்த ஒருத்தி வேண்டுமென்றே இப்படி ஓர் ஊரைத் தேடிப் பிடிக்கவில்லை. என் கணவருக்கு வேலை கிடைத்த இடம் இது. வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. நான் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் முன்மேசையில் இருக்கிறேன். வருகிறவர்களின் பெயரைப் பதிந்து, கதிரையைக் காட்டி, "ஐந்து நிமிடம்" என்று சொல்வது என் வேலை. அது ஒருநாளும் ஐந்து நிமிடமாக இருந்ததில்லை.

இந்த நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் திருகோணமலைக் குடும்பங்கள் நாற்பது வரை இருக்கின்றன. எங்களுக்கு ஓர் ஊர்ச்சங்கம் உண்டு. சங்கம் என்றால் ஆண்டு விழா, ஆண்டு விழா என்றால் மலர். மலருக்கு ஆசிரியர் வேண்டும். எழுத்துப் பிழை பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் என்று சொல்லி ஒன்பது வருடத்துக்கு முன்பு அதை என் தலையில் கட்டினார்கள். இன்னும் இறங்கவில்லை.

இந்த வருடம் சங்கத்துக்கு இருபத்தைந்து. அதனால் எல்லாமே இரட்டிப்பு. மண்டபத்துக்குப் போடும் விண்ணப்பப் படிவம்கூட இந்த முறை பன்னிரண்டு பக்கம். அதில் ஒரு கேள்வி: "நிகழ்வில் திறந்த தீ இருக்குமா? ஆம் எனில், அதன் நோக்கம் என்ன?" குத்துவிளக்கின் நோக்கத்தை இரண்டு வரிக்குள் ஆங்கிலத்தில் விளக்க எனக்கு ஒரு பின்னேரம் போயிற்று. விளக்கு எவ்வளவு நேரம் எரியும், யார் பக்கத்தில் நிற்பார், மணல் வாளி எங்கே இருக்கும் என்றும் எழுத வேண்டியிருந்தது. பக்கத்தில் நிற்பவர் என்ற இடத்தில் சங்கத் தலைவரின் பெயரைப் போட்டேன். அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

மலரைப் பற்றிக் கூட்டத்தில் பேசியபோது, முதலாவது மலரில் வந்தவற்றில் நல்லதை மறுபடி போடுவோம் என்று முடிவாயிற்று. எல்லோரும் ஒரே குரலில் சொன்னது என் கவிதையை. வெட்கப்படுவது போல் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளுக்குள் வேறு எதையாவது சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும் என்பதுதான் உண்மை.

2

அந்தக் கவிதையின் கதையைச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஆறு வயது. தம்பி பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அம்மா பிள்ளையோடு வீட்டில். அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, கிளிவெட்டியில் இருந்தார். தம்பி பிறந்த செய்தியை அவருக்குச் சொல்ல அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த நாளில் திருகோணமலையிலிருந்து கிளிவெட்டிக்குப் போவதென்றால் முதலில் குடாவைக் கடந்து மூதூருக்கு லோஞ்சில் போக வேண்டும். லோஞ்ச் என்று நாங்கள் சொன்னது பயணிகள் படகை. மூதூரில் இறங்கி அங்கிருந்து பஸ்.

திரும்பி வரும்போது பெரியம்மா ஒரு பலாப்பழம் தந்துவிட்டார். அப்பா அதைச் சாக்கில் போட்டுத் தோளில் வைத்துக்கொண்டார். மூதூர் இறங்குதுறையில் சரியான சனம். லோஞ்ச் வந்தது, எல்லோரும் நெரித்துக்கொண்டு ஏறினார்கள். அடுத்தது எனக்கு ஞாபகம் இருப்பது, லோஞ்ச் போய்விட்டது, அப்பா அதில் போய்விட்டார், நான் துறையில் நிற்கிறேன். பிறகு யாரோ ஒரு அக்கா, ஒரு தேத்தண்ணிக் கடை. அதற்குப் பிறகு அப்பா வந்தார். வேறு யாருடையதோ கட்டம்போட்ட சாரம் கட்டியிருந்தார், தலை வாரியிருந்தார். என்னைக் கண்டதும் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். போகும் வழியில் "அம்மாவுக்குச் சொல்லாதே" என்றார். சொல்லவில்லை.

இங்கிலாந்து வந்த முதல் வருடத்தில், வெளியே பனி கொட்டிய ஒரு நாளில், இது எல்லாம் கவிதையாக வந்தது. முதலாவது மலரில் போட்டார்கள்.

கை விட்ட கடல்

பலாப்பழம் கனத்தது அப்பாவுக்கு;
என் கை கனக்கவில்லை.
ஆகவே
என் கையை விட்டார்.

புகை விட்டுப் போன லோஞ்சின் பின்னால்
என் ஆறு வயது
குடா நிறைய அழுதது.

பொழுது சாய வந்தார்,
யாரோ ஒருவரின் சாரத்தோடு,
ஆறுதலாக.

அன்றிலிருந்து
எந்தத் துறையிலும்
எந்த விமான நிலையத்திலும்
ஆறு வயதாகவே நிற்கிறேன்.

கடைசி நான்கு வரிகளுக்கு மண்டபத்தில் அழுதார்கள். எல்லோருமே ஏதோ ஒரு விமான நிலையத்தில் நின்று வந்தவர்கள்தானே. பின்பு தமிழ்ப் பள்ளியில் மனனப் போட்டிக்கு அதைக் கொடுத்தார்கள். ஊருக்கும் ஒரு பிரதி போனது. அதை வாசித்துத்தான் நான் தொலைந்த விஷயமே அம்மாவுக்குத் தெரிய வந்தது. "பலாப்பழத்துக்காக என்ர பிள்ளையைக் கைவிட்ட மனுசன்" என்று ஒரு மாதம் அப்பாவைத் திட்டியதாகத் தம்பி சொன்னான். அப்பா பதிலுக்கு ஒரு சொல் சொல்லவில்லையாம். போனில் என்னிடம் சொன்னதும் இரண்டே சொல்தான்: "நல்லாய் இருக்கு."

நானும் அதைப் பகிடியாக்கிவிட்டேன். இருபத்தைந்து வருடமாக எந்தக் கதை வந்தாலும், "எங்கட அப்பாவுக்குப் பலாப்பழம்தான் முக்கியம்" என்று ஒரு குத்து. அப்பா சிரிப்பார். பகிடி என்றுதான் சொல்வேன். ஆனால் முழுக்கப் பகிடியும் இல்லை. பிள்ளை பெற்ற பிறகு அது கூடிற்று. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கும்போதெல்லாம், எப்படித்தான் விட்டாரோ என்று மனது ஒருமுறை கேட்டுவிட்டுப் போகும்.

3

மலருக்கு ஆக்கம் அனுப்பும்படி சங்கத்தின் முகநூல் பக்கத்தில் அறிவித்தல் போட்டோம். ஊரிலிருந்தும் அனுப்பலாம் என்று சேர்த்திருந்தோம். ஒரு கிழமையில் மின்னஞ்சல் ஒன்று வந்தது. மூதூரிலிருந்து, ஹபீபா என்ற ஆசிரியை. கடிதம் நான்கு வரி.

"உங்கள் முதலாவது மலரில் வந்த 'கை விட்ட கடல்' என்ற கவிதைக்கு இது சோடி. போட்டிக்கு அல்ல. இடம் இருந்தால் போடுங்கள். இடம் இல்லாவிட்டால், எழுதியவருக்கு மட்டுமாவது காட்டுங்கள்."

எழுதியவர்தான் ஆசிரியர் என்பது அவருக்குத் தெரியவில்லை. பஸ்ஸுக்குள் நின்றபடி போனில் வாசித்தேன்.

மறுகா நடந்தது

பேத்தை மீன் ஒன்று
வயிறு ஊதிக் கிடந்தது பலகையில்.
பிள்ளை
தகப்பனின் கையை உருவிக்கொண்டு
பார்க்க ஓடியது.

லோஞ்ச் வெளிக்கிட்டது தெரியாது அதற்கு.
"இந்த மீனுக்கு ஏன் கோவம்?" என்று
என்னைக் கேட்டது.
அழவில்லை.

"வா, தாத்தா நான் இருக்கிறேன்" என்றேன்.
கிழவர் ஒருவரைத் தேடியது.
எங்கள் கடைக்குள் கூட்டிப்போய்ப்
பணிசும் பிளேன்ரீயும் கொடுத்தேன்.

அந்நேரம் வெளியே சத்தம்.
லோஞ்சிலிருந்து ஒரு மனிதர் குதித்துவிட்டார்.
நீந்தத் தெரியாது அவருக்கு.
கதவைத் தட்டுவது போலக்
கடலைத் தட்டினார்.

வாப்பா கயிறு எறிந்தார்.
நாலு பேர் இழுத்தார்கள்.
பலகையில் கிடந்து இருமி இருமிக் கேட்டார்:
"பிள்ளை அழுகிறதா?"
வாப்பா சொன்னார்:
"இல்லை. இரண்டாவது பணிஸ் சாப்பிடுகிறது."

ஈரத்தோடு கண்டால் பயப்படும் என்று
வாப்பாவிடம் சாரம் கேட்டுக் கட்டித்
தலையைத் துவட்டி வாரி
ஒன்றும் நடக்காதவர் போல
உள்ளே வந்தார்.

அவருடைய பலாப்பழம்
தனியாகத் திருகோணமலை போய்ச் சேர்ந்தது.

நான் இறங்க வேண்டிய தரிப்பிடம் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. மூன்றாவதில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

எங்கள் அப்பாவுக்கு நீந்தத் தெரியாது. துறைமுகப் பட்டினத்தில் பிறந்து, கச்சேரியில், அதுதான் மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞராக வேலை பார்த்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனால் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, அலை எட்டாத இடத்தில் நின்று எங்கள் செருப்புகளைக் காவல் காப்பார். அந்த மனிதர் லோஞ்சிலிருந்து குதித்தார் என்பதை நம்புவது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை. ஆனால் அந்தச் சாரம். வாரிய தலை. அது வாரிய தலை இல்லை, ஈரத் தலை.

4

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மின்னஞ்சலுக்கு ஆறு நாள் நான் பதில் போடவில்லை.

ஆசிரியருக்கு ஆயிரம் சாட்டு இருக்கிறது. பக்கம் போதாது, தாமதமாகக் கிடைத்தது, சங்கத்தவர்களின் ஆக்கங்களுக்கே முன்னுரிமை. ஒவ்வொன்றையும் மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். இந்த ஊரில் எனக்கு இருக்கும் ஒரே பெயர் அந்தக் கவிதையால் வந்தது. மண்டபம் நிறைய ஆட்களை அழவைத்துவிட்டு, இருபத்தைந்து வருடம் கழித்து, "மன்னிக்கவும், நான் அப்போது பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்" என்று எப்படிச் சொல்வது?

ஏழாம் நாள் பின்னேரம் மகள் மதுரா குசினி மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. அடுத்த வருடம் பெரிய சோதனை. ஆங்கிலப் பாடத்தில் கவிதைகளைச் சோடி சோடியாகக் கொடுத்து ஒப்பிடச் சொல்வார்கள். அன்றைய தலைப்பு, சிறுவயதில் இழந்ததும் மீட்கப்பட்டதும். தலைப்பைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. போனில் இருந்த இரண்டு கவிதைகளையும் அச்செடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இதையும் ஒப்பிட்டுப் பார்."

"இது தமிழ்."

"ஓம், தமிழ்தான்."

மதுரா தமிழ்ப் பள்ளிக்கு எட்டு வருடம் போனவள். வாசிப்பாள், ஆனால் ஒவ்வொரு சொல்லாகத் தட்டித் தட்டி வாசிப்பாள். என்னுடைய கவிதையை அவளுக்குப் பாடமாகத் தெரியும், மனனப் போட்டியில் இரண்டாம் இடம். மற்றதில் மூன்றாம் பந்தியில் நின்றுவிட்டாள்.

"அம்மா, இவ ஒரு கேர்ள்தானே? ஏன் தன்னைத் தாத்தா எண்டு சொல்றா?"

"மூதூர்ப் பக்கம் முஸ்லிம் வீடுகளில அக்காவைத் தாத்தா எண்டும் கூப்பிடுவினம்."

"ஓ! அதுதான் இந்தப் பிள்ளை கிழவரைத் தேடுது." வாய்விட்டுச் சிரித்தாள். "மறுகா எண்டால்?"

"பிறகு."

"பணிஸ்?"

"பன்தான்."

பச்சையும் மஞ்சளுமாக இரண்டு பேனைகளை எடுத்தாள். அரை மணித்தியாலம் கோடு போட்டாள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு சோதனை எழுதிய பிள்ளை மாதிரி நின்றேன்.

"சரி," என்றாள் கடைசியில். "உங்கட கவிதை சவுண்ட் நல்லம். ஆனால் அதில ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறா. நீங்கள். அம்மப்பாகூட இல்லை, அவர் சும்மா ஒரு கை. இந்தக் கவிதையில எண்ணிப் பாருங்கோ. பிள்ளை, இந்த அக்கா, அவவின்ர அப்பா, குதிச்ச ஆள், கயிறு இழுத்த நாலு பேர், ஒரு மீன். பலாப்பழத்துக்குக்கூட ஒரு பயணம் இருக்கு."

"மார்க்ஸ் எதுக்குக் கூட?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, இது ரெண்டும் ஒரே நாளா? அந்தப் பிள்ளை நீங்களா?"

"ஓம்."

"அப்ப நீங்கள் அழவே இல்லையா?"

"எனக்குத் தெரியாது மதுரா. அழுததெண்டுதான் நினைச்சனான்."

"அம்மப்பாவிட்ட கேட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"அம்மா!" என்றாள், ஆங்கிலம் தமிழ் இரண்டுக்கும் பொதுவான அந்தக் குரலில்.

5

அம்மா காலமான பிறகு அப்பா திருகோணமலைப் பாலையூற்றில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். எண்பது வயது. காது கொஞ்சம் மந்தம். வீடியோவில் எடுத்தாலும் போனைக் காதில்தான் வைப்பார். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் நான் பார்ப்பது அப்பாவின் இடது காதை. காதைப் பார்த்துக்கொண்டே பேசப் பழகிவிட்டேன்.

எங்களுக்குள் பாஷைத் தகராறும் உண்டு. ஒருமுறை வேலை அவசரத்தில், "அப்பா, நான் உங்களைத் திருப்பிக் கூப்பிடுறன்" என்றேன். "ஏன், நான் எங்கேயும் போகேல்லையே, இங்கதானே இருக்கிறன்" என்றார். அன்றிலிருந்து "பிறகு எடுக்கிறன்" என்று சொல்வதில் கவனமாக இருக்கிறேன்.

ஞாயிறுவரை பொறுக்காமல் அடுத்த நாளே கடையிலிருந்து எடுத்து, சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அப்பா, மூதூர் ஜெற்றியில நீங்கள் கடலுக்க குதிச்சனீங்களா?"

காது அசையவில்லை. பின்னால் தம்பி வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"ஆர் சொன்னது?"

"அப்ப உண்மைதான்."

"நான் ஆர் சொன்னதெண்டுதானே கேட்டனான்."

"மூதூரிலயிருந்து ஒரு ரீச்சர் கவிதை அனுப்பியிருக்கிறா, அதில இருக்கு. நீந்தத் தெரியாமல் ஏனப்பா குதிச்சனீங்கள்? லோஞ்சைத் திருப்பச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான். சனம் ஏறேக்க சின்னப் பிள்ளையளை ஆளுக்காள் தூக்கி உள்ளுக்க விடுவினம். உன்னையும் ஆரோ தூக்கி விட்டிட்டினம் எண்டு நினைச்சுத்தான் ஏறினனான். பார்த்தால் நீ கரையில. லோஞ்ச்காரனைக் கத்திக் கூப்பிட்டன். எஞ்சின் சத்தத்தில அவனுக்குக் கேக்கேல்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? நீந்தத் தெரியாதவன் கடலுக்க குதிச்சு, நாலு பேர் கயிறு போட்டு இழுத்த கதையையோ? கச்சேரியில கேள்விப்பட்டால் பென்சன் எடுக்கும்வரைக்கும் பகிடி பண்ணியிருப்பாங்கள். கொம்மாவுக்குத் தெரிஞ்சால் உன்னை என்னோட வெளியில விட்டிருக்கவே மாட்டா."

"சரி, கவிதை வந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். அம்மா உங்களை ஒரு மாசம் பேசினவ எல்லோ?"

"கவிதை நல்லாய்த்தானே இருந்தது."

"அது பொய் அப்பா! நீங்கள் கையை விடேல்லை. நான்தான் உருவிக்கொண்டு ஓடினனான். ஒரு மீனைப் பார்க்க."

அப்பா, எனக்குச் சின்ன வயதில் கணக்குச் சொல்லித் தந்த அதே குரலில் சொன்னார்.

"ஆறு வயசுப் பிள்ளை கையை உருவத்தான் செய்யும். இறுக்கிப் பிடிக்க வேண்டியவன் நான். நான் மற்றக் கையால சாக்கைச் சரி பண்ணினனான், அந்த நேரம்தான் நீ ஓடினது. அதால நீ எழுதினது பிழையில்லை. ஒரு சொல்லும் பிழையில்லை."

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன். கடையில் மதிய இடைவேளை. பின்னறையில் கண்ணாடிச் சட்டகப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். கூட வேலை செய்யும் பெண் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடிக்கொண்டு போனாள்.

"அந்தப் பிள்ளையின்ர கவிதையைப் போடு," என்றார் அப்பா. "ஹபீபா நல்லாய் எழுதுவா. அவவின்ர வாப்பா மீராலெவ்வை நானா. அவற்ற பெயரையும் ஒரு இடத்தில போடு. எழுத்துப் பிழை விடாதே." நானா என்பது அங்கே அண்ணன்.

வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் ஹபீபா என்ற பெயரை அவருக்குச் சொல்லவே இல்லை.

6

ஹபீபா ரீச்சருக்கு அன்றே பதில் எழுதினேன், எழுதியவர் நான்தான் என்றும் சொன்னேன். சனிக்கிழமை காலை அவரே போன் எடுத்தார். திரையில் வட்ட முகம், மூக்கில் கண்ணாடி, பின்னால் சுவரில் பள்ளிக்கூட நேரசூசி.

"நீங்கதானா அந்தப் புள்ள! ரெண்டு பணிஸ்!" என்றார் முதல் வார்த்தையாக.

"ஓம் ரீச்சர். காசும் குடுக்கேல்லைப் போல."

"அதெல்லாம் உங்கட அப்பா தந்திட்டாரு," என்று சிரித்தார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அன்றைக்குப் பதினைந்து வயது. அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறாராம்.

"ரீச்சர், அப்பாவுக்கு உங்கட பெயர் தெரிஞ்சிருக்கு. எப்பிடி?"

"என்ன புள்ள, உங்களுக்குத் தெரியாதா?" முகம் மாறியது. "அடுத்த கிழமையே சாரத்தைத் தோய்ச்சு, மடிச்சு, பேப்பரில சுத்திக்கொண்டு வந்தாரு. அண்டைக்கு வாப்பாவும் அவரும் கதைச்சுக் கதைச்சு, கடைசி லோஞ்சும் போகப் பாத்திச்சு. மறுகா ஒவ்வொரு வருசமும் வருவாரு. தை மாசம் பள்ளிக்கூடம் தொடங்கக்குள்ள எனக்குக் கொப்பிக் கட்டு கொண்டு வருவாரு. சண்டையில பாதை மூடிக் கிடந்த வருசங்கள்ல மட்டும் வரல்ல. வாப்பா கண் மூடி மௌத்தான அண்டைக்கும் வந்து வாசல்ல நிண்டாரு. இப்ப பாலம் வந்திட்டுதானே, பஸ்ஸில வாறாரு. இந்தத் தையிலயும் வந்தாரு. என்ட பேரப்புள்ளைக்குக் கொப்பி."

தை மாதத்தில் ஒரு நாள் அப்பா "கச்சேரி வேலையாக" மூதூர் போவது எனக்கு ஞாபகம் வந்தது. அம்மாவும் அப்படித்தான் நம்பியிருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் போனார். பென்சன் விஷயம் என்றார்.

"உங்கட கவிதை வந்த புத்தகத்தையும் கொண்டு வந்தாரு," என்றார் ரீச்சர்.

"எந்தப் புத்தகம்?"

"அதுதான், மலர். எங்கட கடையில இருந்து சத்தமா வாசிச்சுக் காட்டினாரு. வாப்பாக்கு வாசிக்கத் தெரியாது. அண்டைக்குக் கயிறு இழுத்த ஆக்களில ரெண்டு பேரும் இருந்தாங்க. வாசிச்சு முடிச்சதும் வாப்பாக்குச் சரியான கோவம். 'என்ன மனுசன் நீங்க, புள்ள உங்களைப் பிழையா நினைச்சுக்கொண்டு இரிக்கி, உண்மையைச் சொல்லுங்க' எண்டாரு. உங்கட அப்பா சொன்னாரு, 'இல்லை நானா, தெரியாத ஊருக்குப் போய்த் தனிச்சு நிக்கிற பிள்ளை. முதல் முதல் எழுதினது. அதில கை வைக்க ஏலாது' எண்டு. திரும்ப ஒருக்கா வாசிச்சாரு. ஒவ்வொரு வரியா. பாருங்க, எப்பிடி எழுதியிரிக்கி எண்டு."

திரையில் என் முகமும் ஒரு மூலையில் தெரிந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் போனைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

"வாப்பா அண்டைக்கு இரவே எனக்குச் சொன்னாரு, நீ பதில் ஒண்டு எழுதி வை, ஒரு நாளைக்கு அனுப்பு எண்டு. எழுதி வெச்சிட்டன். அனுப்பத் துணிவு வரல்ல. இந்தத் தையில வரக்குள்ள உங்கட அப்பா படியில ஏற என்ட தோளைப் பிடிச்சாரு. அப்பதான் நினைச்சன், அவரு இரிக்கக்குள்ளயே அனுப்ப வேணும் எண்டு. பிழையா புள்ள?"

"இல்லை ரீச்சர்," என்றேன். "பிழையில்லை."

அதற்கு மேல் இருவரும் வேறு விஷயம் கதைத்தோம். கண்ணாடிக் கடையில் வேலை என்றதும், தன்னுடைய கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்குகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். மூக்குப் பிடியை மாற்றச் சொன்னேன். கொழும்பில் சொன்னதும் அதுவேதானாம்.

7

மலரில் இரண்டு கவிதைகளையும் எதிரெதிர்ப் பக்கத்தில் போட்டேன். என்னுடையதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று கை துடித்தது. அப்பா விடவில்லை. "அதை அப்பிடியே விடு. ஆக்கள் ரெண்டையும் வாசிக்கட்டும்" என்றார். ஹபீபா ரீச்சரின் கவிதைக்குக் கீழே, மூதூர் இறங்குதுறையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த மீராலெவ்வை நானாவின் நினைவுக்கு என்று ஒரு வரி சேர்த்தேன்.

விழாவில் முதலில் நான் என்னுடையதை வாசித்தேன். வழக்கமான இடத்தில் வழக்கமான ஆட்கள் கண்ணைத் துடைத்தார்கள். உடனே மதுரா மேடைக்கு வந்தாள். மற்றதை அவள்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்திருந்தாள். ஒரு மாதம் பழகினாள். ஆனாலும் "பேத்தை" என்பது அவள் வாயில் "பேட்டை" என்றுதான் வந்தது. "இரண்டாவது பணிஸ் சாப்பிடுகிறது" என்றபோது மண்டபம் இடிந்து விழுவது போலச் சிரிப்பு. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்ற தலைவர்கூட மணல் வாளியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். ஈரத்தோடு கண்டால் பயப்படும் என்ற வரிக்கு வந்தபோது அதே மண்டபத்தில் ஒருவர் இருமுவதுகூடக் கேட்கவில்லை.

இறங்கி வந்தபோது ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்து, "பிள்ளை, குறை நினைக்காதையும், ரெண்டாவதுதான் திறம்" என்றார். "ஓம் அம்மா, எனக்கும் அதுதான் பிடிச்சது" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் வலித்தது. கொஞ்சம்தான்.

மலர் பாலையூற்றுக்குப் போய்ச் சேர மூன்று கிழமை ஆயிற்று. அப்பா ஓர் எழுத்துப் பிழை கண்டுபிடித்திருந்தார், தலைவரின் வாழ்த்துச் செய்தியில். அதைச் சொல்ல அவரே போன் எடுத்தார். மதுரா என் கையிலிருந்து போனைப் பறித்துக்கொண்டாள்.

"அம்மப்பா, எனக்கு ஒரு கொஸ்டின்."

"கேளம்மா."

"நீங்கள் ஜம்ப் பண்ணேக்க பயமா இருந்ததா?"

"என்னத்துக்குப் பயம்?"

"கடலுக்கு. உங்களுக்கு ஸ்விம் பண்ணத் தெரியாதுதானே?"

அப்பா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லைப் போலிருந்தது.

"கடல் என்ர கண்ணில படேல்லைப் பிள்ளை," என்றார். "உன்ர அம்மா அங்க தனிய நிண்டது மட்டும்தான் தெரிஞ்சது. வாய்க்குள்ள உப்பு வந்த பிறகுதான், எட, நடுவில தண்ணி இருக்கெண்டு விளங்கினது."